இரண்டு பொட்டு வைத்த வார்மர்

புதுப் பெயின்ட் வாசனை வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். கல்யாண வீட்டில் வந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில், அதுவும் நான் போகிற அன்றைக்குப் பார்த்து வந்தால், வாசலிலேயே என் முகம் மாறிவிடும். என் வேலை அப்படி. தஞ்சாவூரைச் சுற்றியுள்ள அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போய், கட்டடத்தையும் கருவிகளையும் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பார்த்து மார்க் போட வேண்டும். பராமரிப்பே இல்லையென்றால் சைபர், அரைகுறை என்றால் ஒன்று, ஒழுங்காக இருந்தால் இரண்டு. குழாய் சொட்டுகிறதா, கூரை ஒழுகுகிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் பிடிக்கிறது, ஆக்சிஜன் மீட்டரின் முள் உண்மை சொல்கிறதா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருக்கும்.

அப்பா ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கரும் குத்தகைக்குக் கொஞ்சமும் சாகுபடி செய்கிறார். மகள் மருத்துவக் கருவிகளைப் பற்றிய இன்ஜினியரிங் படித்தது அவருக்குப் பெருமைதான். ஆனால் அது என்ன படிப்பு என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் 'மிஷின் டாக்டர்' என்று முடித்துவிட்டார். ஊரில் இப்போது எனக்கு அதுதான் பெயர். யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

என் வீட்டுக்காரர் படும் பாடு வேறு. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு நகரும்போது நான் மட்டும் சுவரில் தொங்கும் தீயணைப்புச் சிலிண்டரைத் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டிருப்பேன். "இலை போட்டாச்சு, வந்து அதுக்கும் ஒரு மார்க் போட்டுட்டுப் போ" என்பார். அவர் கேலி செய்வதில் தப்பில்லை. என் கைப்பையில் பவுடர் டப்பா இருக்காது. டார்ச், டெஸ்டர், தெர்மாமீட்டர், ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கும். பிரஷ், இடுக்குகளில் இருக்கும் தூசு நேற்றையதா போன வருஷத்ததா என்று பார்ப்பதற்கு.

ஆய்வு என்று கடிதம் போய்விட்டால் போதும், ஆஸ்பத்திரி புதுப்பெண் மாதிரி ஆகிவிடும். வாசலில் கோலம் இருக்கும். படுக்கை விரிப்புகளில் கடை மடிப்புகூடக் கலைந்திருக்காது. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரிக்கும். எங்கள் ஊர் வாய்க்கால் மதகுக்கு, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். பலகையைத் தூக்குகிற திருகுக்கு மட்டும் யாரும் கிரீஸ் வைக்க மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பெயின்ட்டின் மேல் நம்பிக்கை வராது. நான் பெயின்டைப் பார்ப்பதில்லை, திருகைத்தான் பார்ப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் எங்கே உடைந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது ஓர் ஐப்பசி. ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. சம்பா நட்ட வயல்களில் பயிர் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அந்த வாரம் எனக்கு, நாலு வருஷமாக நான்தான் ஆய்வு செய்துவந்த மூன்று சின்ன ஆஸ்பத்திரிகள்: திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஊர்ப் பெயர்கள் வேண்டாம். நீடாமங்கலம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

திங்கட்கிழமை பார்த்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு வார்மர் இருந்தது. வார்மர் என்றால், பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கிற சின்ன மேசை; தலைக்கு மேலே ஹீட்டர் இருக்கும். எடை குறைந்த குழந்தைகளுக்கு உடம்பில் சூடு நிற்காது. அவர்களுக்கு அந்த மேசைதான் உயிர். குழந்தையின் தோலில் ஒட்டுகிற சென்சார், எண்கள் பளிச்சென்று எரியும் டிஸ்பிளே, சக்கரங்கள் என்று அந்த வார்மரில் எல்லாம் கச்சிதமாக இருந்தன. பின்பக்கத் தூணில், ஆஸ்பத்திரியின் எண் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் இரண்டு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். எதற்கு இரண்டு என்று கேட்டேன். ஒருவர் வைத்தது தெரியாமல் இன்னொருவரும் வைத்துவிட்டதாகச் சொல்லி அங்கிருந்த நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இரண்டு மார்க் போட்டேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். உள்ளே வந்தபோது அங்கேயும் நல்ல வார்மர் ஒன்று நின்றது. முன்பக்கம் நின்று ஒரு பார்வை பார்த்து, அதற்கும் இரண்டு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது ஆஸ்பத்திரி. அங்கே பிரசவ வார்டுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நல்ல உயரம். காதோரம் நரைத்த முடி. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. என்னை வாசலிலேயே பிடித்து, டீ கொடுத்து உட்கார வைத்து, சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மேடம், ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. இந்த வருஷமும் இந்த வார்டு மார்க் பத்தாம போச்சுன்னா இங்க பிரசவமே பாக்க வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு பேச்சு ஓடுது. எல்லாரையும் தஞ்சாவூருக்கு அனுப்பணும். வலி வந்தப்புறம் மழையில அவ்வளவு தூரம்னா என்னாவும்னு உங்களுக்குத் தெரியாததில்ல. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப் பொண்ணுங்க வயக்காட்டுலேர்ந்து நேரா வர்றவங்க. வழியிலேயே பெத்துக்குவாங்க."

"நான் பாக்குறதத்தான் எழுதுவேன் சிஸ்டர்."

"அதத்தான் சொல்றேன். நல்லாப் பாருங்க."

நன்றாகத்தான் பார்த்தேன். வராந்தாவில் கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர்கீழே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அழகுச் செடி மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்ததும் சிஸ்டர், "செடிக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம் மேடம்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கூரைக்கு சைபர் போட்டேன். அவரும் விடவில்லை. "செடிக்கு ஒரு மார்க் போடக் கூடாதா?" என்று கேட்டார்.

மற்றபடி அந்த வார்டு சுத்தமாகவே இருந்தது. அது ஆய்வுக்காக வந்த சுத்தம் இல்லை. என் டூத் பிரஷ் போய் வந்த இடுக்குகளிலெல்லாம் அது தெரிந்தது. ஊசி, கத்திரியை வேக வைக்கிற ஸ்டெரிலைசரின் ரப்பர் வளையம் மாற்றிய தேதியைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். சளி உறிஞ்சுகிற மிஷினை நான் கேட்காமலே ஓட்டிக் காட்டினார்கள். எல்லாக் கருவிகளிலும் ஆயுத பூஜைக்கு மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை. பார்க்கப் பார்க்க எனக்கு அந்த இடத்தை இன்னும் பிடித்துப்போனது. பிரசவ அறையின் மூலையில் நின்ற வார்மரைப் பார்த்ததும் சந்தோஷமாகவே இருந்தது. டிஸ்பிளே, சென்சார், சக்கரம் எல்லாம் சரி. "இவ்வளவு அருமையா வச்சிருக்கீங்களே" என்று வாய்விட்டுச் சொல்லி இரண்டு போட்டேன். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரிப்பைச் சரிசெய்தார். புகழ்ந்தால் கூச்சப்படுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணி இருக்கும். நான் குழாய்களைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். எட்டு மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நடவு மிஷின் போக முடியாத வயலின் மூலைகளில் கையால் நட்டுக்கொண்டிருந்தவளுக்கு அங்கேயே வலி வந்துவிட்டது. கணுக்காலில் வயல் சேறு காயாமல் ஒட்டியிருந்தது. நான் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். தஞ்சாவூருக்கு அனுப்ப நேரம் இல்லை என்று டாக்டர் சொல்வது கேட்டது. அரை மணி நேரத்தில் குழந்தை அழும் சத்தமும் கேட்டது. சன்னமான அழுகை. ஒரு கிலோ எண்ணூறு கிராம் என்று யாரோ சொன்னார்கள்.

கதவு திறந்தது. சிஸ்டர் குழந்தையைத் துணியில் சுற்றி இரு கையாலும் பிடித்தபடி வேகமாக வெளியே வந்தார். அறை மூலையில் நின்ற அந்த அருமையான வார்மரை விட்டுவிட்டு, என்னையும் தாண்டி, எதிரே இருந்த ஸ்டோர் ரூமுக்குள் போனார். நான் எழுந்து பின்னாலேயே போனேன்.

உள்ளே ஒரு பழைய வார்மர் ஏற்கெனவே சூடாகி நின்றுகொண்டிருந்தது. வலி என்று பெண் வந்தவுடனேயே போட்டிருக்க வேண்டும். பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருந்தது. ஒரு சக்கரம் இல்லை. அந்தக் காலுக்கு மரக்கட்டை கொடுத்திருந்தார்கள். டிஸ்பிளே இருண்டு கிடந்தது. சென்சார் ஒயர் பாதியில் அறுந்து, அறுந்த முனையில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஹீட்டர் மட்டும் சிவந்து எரிந்தது. அதன் தூணில் பல வருஷத்து விபூதிப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சிஸ்டர் குழந்தையை அதில் படுக்க வைத்து, ஈரத் துணியை உருவிவிட்டு, தலைக்குக் குல்லா போட்டார்.

"அங்க அவ்வளவு நல்ல மிஷின் நிக்குது, இதுல எதுக்கு வைக்கிறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

அவர் குழந்தையின் பாதத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பிரசவ அறையின் மூலைக்குப் போய், இந்த முறை அந்த வார்மரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சந்தனமும் அதன் மேல் இரண்டு குங்குமப் பொட்டும் இருந்தன. பக்கத்தில் ஆஸ்பத்திரியின் எண் எழுதியிருந்த இடத்தில் புதுப் பெயின்ட் பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். திங்கட்கிழமை நான் பார்த்த எண் தெரிந்தது.

எண்ணை அழித்தவர்கள் பொட்டை அழிக்கவில்லை. அந்த வார்டில் எல்லாக் கருவிக்கும் விபூதிப் பட்டை இருக்க, இது ஒன்றுக்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் என்றால் யாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. திரும்ப ஸ்டோர் ரூமுக்குப் போனேன். குழந்தை இருந்ததால் சத்தம் போட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன்.

"புதன்கிழமையும் இதேதானா?"

"இதேதாங்க மேடம்."

"எத்தனை வருஷமா?"

"நாலு வருஷமா. ஆய்வுன்னா வண்டியில வரும், முடிஞ்சதும் திரும்பப் போயிடும். மூணு ஊருக்கும் நல்லா இருக்கறது அது ஒண்ணுதான். புதுசு வேணும்னு நானும் வருஷா வருஷம் எழுதிட்டுதான் இருக்கேன்."

"நம்பரை அழிச்சீங்களே, பொட்டை ஏன் விட்டீங்க?"

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை. "பூஜை பண்ணி வச்ச பொட்டை எப்படிங்க தொடைக்கிறது? புள்ளைங்க உயிரைக் காப்பாத்துற மிஷின்."

பொய்க் கணக்கு காட்டத் துணிந்த கைக்குப் பொட்டை அழிக்கத் துணிவு வரவில்லை. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் மட்டும் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்கூட இருந்தது. முழுக் கோபத்தோடு இருந்திருந்தால் அந்த நாள் சுலபமாக முடிந்திருக்கும்.

"சரி, இங்க இருக்கற வரைக்குமாவது குழந்தையை அதுல வைக்கலாமே" என்றேன்.

"ரெண்டு மணிக்கு வண்டி வந்துரும் மேடம். மிஷினோட சொந்த ஊர்லயும் ஒரு பொண்ணு காலையிலேர்ந்து வலியோட இருக்கு, அதுக்கும் மாசம் நெறையல. மிஷின் போயே ஆவணும். அதுல வச்சுட்டு, அப்புறம் எடுத்து இதுல மாத்துனா மாத்துற நேரத்துல புள்ளை சில்லுனு ஆயிடும். அதான் முதல்லேயே இதுல வச்சிட்டேன். ஆத்தாளுக்குத் தையல் முடிஞ்சதும் நெஞ்சுல போட்டுக் கட்டிடுவோம். அதுவரைக்கும்தான் இது."

அவர் அதைச் சொல்லி முடித்தபோது ஒன்று எனக்கு உறைத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பளபளப்பான வார்மரைத் தாண்டினால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் தெரியும். வார்டு போய்விடுமே என்று பயந்துகொண்டிருந்தவர், ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைத் தாண்டிப் போனார்.

"டிஸ்பிளே செத்துக் கிடக்கு. சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

அவர் வார்மருக்கு அடியில் கையை விட்டு நீளமான ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். நாலு வருஷத்து நோட்டு. கட்டம் போட்டு, நேரம், கால், வயிறு, குறிப்பு என்று நாலு தலைப்பு. கால் மணிக்கு ஒரு தரம், ஒவ்வொரு குழந்தைக்கும், ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதியிருந்தார்கள். கால் சூடு, வயிறு சூடு என்றால் சரி. வயிறு சூடாக இருந்து கால் சில்லென்றிருந்தால் குழந்தைக்குக் குளிருகிறது. ஹீட்டரை ஒரு புள்ளி ஏற்ற வேண்டும். கன்னம் சிவந்தால் இறக்க வேண்டும். கையெழுத்துகள் மாறிக்கொண்டே வந்தன. கட்டம் ஒன்றுகூட விடுபடவில்லை. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பராமரிப்புப் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு முந்தைய நாள் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதியவை பாதி இருக்கும். இந்த நோட்டில் சில பக்கங்களில் டீக்கறை, சில பக்கங்களில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது.

நான் கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். பரிசோதித்துச் சான்று வாங்கிய கருவி, தப்புச் சொல்லாது. அக்குளில் வைப்பதற்கு முன்னால் சிஸ்டர் புறங்கையைப் பாதத்தில் வைத்து, பிறகு வயிற்றில் வைத்து, "முப்பத்தாறரை இருக்கும்" என்றார். வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி நாலு. என்னிடம் வீம்பு இன்னும் மிச்சம் இருந்தது. கால் மணி கழித்து இன்னொரு தரம் கேட்டேன். முப்பத்தாறு ஆறு என்றார். முப்பத்தாறு ஆறேதான். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. கை அவ்வளவு சின்னது. நகம் இருப்பது தெரிய டார்ச் வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவ்வளவு சுலபமாகக் கலங்குகிறவள் இல்லை.

எதிர் அறையிலிருந்து அந்தப் பெண் கேட்டாள். "சிஸ்டர், புள்ளை சூடா இருக்கா?"

"இருக்குடி, சூடா இருக்கு. நீ அசையாம படு."

அப்புறம்தான் கஷ்டமான வேலை. செக் லிஸ்ட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வார்மர் என்ற வரிக்கு எதிரே நான் காலையில் போட்ட இரண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் எதிரே நின்றார்.

"நோட்டு இருக்கே மேடம். புள்ளைங்க நல்லா இருக்கே. அதுக்காச்சும் பாருங்களேன்."

"சிஸ்டர், உங்க கைக்கு மார்க் போடச் சொன்னா நான் எவ்வளவு வேணா போடுவேன். இங்க கேட்டிருக்கறது மிஷினுக்கு. அதுக்கு சைபர்தான்."

"போட்டா வார்டு போயிடும்."

அப்போதுதான் எனக்கு விளங்க ஆரம்பித்தது. சொல்லச் சொல்லத்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது. நாலு வருஷமாக நான் ஒரே மிஷினுக்கு மூன்று ஊரில் இரண்டு இரண்டு மார்க் போட்டிருக்கிறேன். மேலே இருக்கிறவர்களின் பைலில் இந்த மூன்று ஊரிலும் முதல் தரமான மூன்று வார்மர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருக்கிற இடத்துக்கு யார் புதிதாக அனுப்புவார்கள்? சிஸ்டர் வருஷா வருஷம் வார்மர் கேட்டு எழுதிய கடிதங்களை, என் கையெழுத்துப் போட்ட தாள் வருஷா வருஷம் தள்ளுபடி செய்திருக்கிறது. அவர்கள் பொய் சொன்னது வார்டைக் காப்பாற்ற. நான் அந்தப் பொய்க்கு முத்திரை குத்திக்கொண்டு, திருகைப் பார்க்கிறவள் நான் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் பக்கத்து ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நாங்கதான் எங்க புள்ளைங்களுக்கு மிஷின் வராம பண்ணியிருக்கோமா?"

"நானும் சேர்ந்துதான்."

கால் மணி ஆகிவிட்டது என்று அவருக்குத்தான் ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு வந்தார்.

"சைபர் போட்டா வார்டை எடுக்க மாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது சிஸ்டர். எனக்குத் தெரியாது."

பொய்யாகவாவது தைரியம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அந்த இடத்தில் இன்னொரு பொய்க்கு எனக்கு மனசு வரவில்லை. அவர் போனை எடுத்து முதலில் திங்கட்கிழமை ஊருக்குப் பேசி, வண்டியைச் சீக்கிரம் அனுப்பச் சொன்னார். பிறகு புதன்கிழமை ஊரின் நர்ஸைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். "உனக்கும் சைபர் விழும்டி. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. நீ என்ன சொல்ற?" பிறகு ஸ்பீக்கரில் குரல் வந்தது. "போன வாரம் ஒரு புள்ளைய தஞ்சாவூருக்கு அனுப்புனேன்கா. போற வழியெல்லாம் என் முந்தானையிலதான் சுத்தி எடுத்துட்டுப் போனேன். போட்டுக்கச் சொல்லு."

காலையில் போட்ட இரண்டை அடித்துவிட்டு சைபர் எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். புதன்கிழமைத் தாளை எடுத்து அதிலும் அப்படியே செய்தேன். வண்டி வந்தது. இரண்டு பொட்டு வைத்த வார்மரைத் தார்ப்பாய் போட்டு மூடி ஏற்றினார்கள். தையல் முடிந்து தாயின் நெஞ்சில் குழந்தையைப் போட்டு, சேலைத் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டு, சிஸ்டர் நோட்டை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். நான் மழையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நல்லது செய்துவிட்டு வருகிற மாதிரி இல்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவர்களையே காட்டிக்கொடுத்துவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

முந்தைய வருஷ மார்க்குகளும் தவறு என்று நானே மேலிடத்துக்கு எழுதினேன். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். அந்த வார்டு அந்த முறை தேறவில்லை. மூன்று மாதத்தில் மறு ஆய்வு, அதிலும் தேறாவிட்டால் பிரசவம் நிறுத்தப்படும் என்று கடிதம் போனது. தை வரைக்கும் ஒவ்வொரு மழைக்கும் எனக்கு அந்த ஸ்டோர் ரூம் ஞாபகம்தான். அறுவடை தொடங்கிய நேரத்தில் சிஸ்டர் போன் செய்தார். "மேடம், வண்டியில ரெண்டு பெட்டி வந்திருக்கு. ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு அவளுக்கு" என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். மாசியில் வேறொரு அதிகாரி போய் மறு ஆய்வு செய்தார். வார்டு தேறியது. கூரைக்கு இந்த முறையும் சைபர்தான்.

வைகாசியில் சிஸ்டரின் பணி நிறைவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை, கேசரி, மைக் எல்லாம் முடிந்ததும் என்னைப் பிரசவ அறைக்கு அழைத்துப் போனார். புது வார்மரில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டிஸ்பிளேயில் முப்பத்தாறு புள்ளி ஐந்து. அப்படியிருந்தும் பணியிலிருந்த நர்ஸ் வந்து புறங்கையால் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வார்மருக்கு அடியிலிருந்து அதே நீள நோட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்ததும் நான் அதை வாங்கி, ஐப்பசி வரைக்கும் பின்னால் புரட்டினேன். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் கால் மணிக்கு ஒரு வரியாக சிஸ்டரின் கையெழுத்து இருந்தது. கடைசி வரியில், நான் மழையில் இறங்கிப் போன பிறகு எழுதியது:

"2.15. கால் சூடு. வயிறு சூடு. ஆத்தா நெஞ்சில் இருக்கிறது. இன்றைக்கு மிஷினுக்கு சைபர். பிள்ளை நன்றாக இருக்கிறது."

நோட்டை மூடி, கைக்கு எட்டுகிற மாதிரி வார்மருக்கு அடியிலேயே வைத்தேன்.